ஏர்கானை அரிக்கும் கடல்காற்று

கிளேபாங், தஞ்சோங் கிளிங் போன்ற கடலோரப் பகுதிகளில், ஏர்கானின் வெளிப்பெட்டி மழையில் நனையக்கூடாது என்று கூரைக்கு அடியில் மாட்டச் சொல்வோம். நானும் அப்படித்தான் மாட்டினேன். நான்காம் ஆண்டில் அதன் பின்புறத் தகடுகளைத் தொட்டபோது வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன.

அந்தப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். செம்புக் குழாய்கள், அவற்றைச் சுற்றி நெருக்கமாக மெல்லிய அலுமினியத் தகடுகள். அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுவது இவைதாம். ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த இரு உலோகங்களுக்கும் இடையே உப்புநீர் புகுந்தால், ஐந்தாம் படிவ வேதியியலில் படிக்கும் மின்கலம் அங்கே உருவாகிவிடுகிறது. அலுமினியத்தின் கவசமான ஆக்சைடு படலத்தைக் குளோரைடு துளைக்கும். எலக்ட்ரானை எளிதில் இழக்கும் அலுமினியம் அரிபடும், செம்பு தப்பும். 1824இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் பலி கொடுத்தது இதே விதிப்படிதான். அவர் தெரிந்தே செய்தார். நாம் தெரியாமல் செய்கிறோம்.

கடல்நீர் வீட்டுக்குள் வரவேண்டியதில்லை. அலை உடையும்போது சிதறும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வரும். பெட்டியின் விசிறி அந்தக் காற்றை மணிக்கணக்கில் தகடுகளின் வழியே இழுக்கும். படிந்த உப்பு நனைய மழையும் தேவையில்லை. ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே உப்பு தானாக நீர்த்துவிடும். நம் இரவுகள் பெரும்பாலும் அதற்கு மேல்தான். உப்பு ஜாடியில் அம்மா நாலு அரிசி போட்டுவைப்பது எதற்காக?

மழை அந்த உப்பை ஓரளவு கழுவிவிடும். கூரைக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு அந்தக் குளியலும் இல்லை. ஆகவே நாம்தான் குளிப்பாட்டவேண்டும். மாதம் ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, ரப்பர் குழாயால் தகடுகளின் மேல் குழாய்நீரை மெதுவாக ஓடவிடுங்கள். உயர் அழுத்தப் பீச்சி வேண்டாம்; தகடு வளையும், பூச்சும் உரியும்.

ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கரையோரத்தில் புதிதாக வாங்குபவர்கள் அரிப்புத் தடுப்புப் பூச்சுள்ள தகடா என்று கேளுங்கள். நீல நிறத்தை மட்டும் பார்த்து நம்பவேண்டாம், பூச்சு எதற்காக என்பதையும் விசாரியுங்கள். சர்வீஸ் செய்பவர் ரசாயனம் தெளித்துக் கழுவினால், கடைசியில் வெறும் நீரால் நன்றாக அலசிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.