ஒரு வயர் போனால் எத்தனை பேர் நிற்போம்?

"லிங்க் இல்ல சார்... அப்புறம் வாங்க!"

தமிழ்நாட்டில் இதைக் கேட்காத காது கிடையாது. பாங்க் கவுன்ட்டர், இ-சேவை மையம், ரேஷன் கடை... எங்கே போனாலும் ஒருநாள் இதைச் சொல்லி அனுப்புவார்கள். நாமும், 'மழை வருது, குடை எடுத்துட்டுப் போங்க' என்று யாரோ சொன்ன மாதிரி தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவோம். அந்த 'லிங்க்' எங்கே இருந்தது, எங்கே போச்சு, ஒரு இடத்தில் போனதற்கு மொத்தக் கட்டடமும் ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்பேன். ஏனென்றால், ஆபீஸ் ஆபீஸாக ஏறி, மேஜைக்கடியில் தவழ்ந்து இந்த வயர்களை இழுத்துக் கட்டுவதுதான் என் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். கம்ப்யூட்டர் என்ன விலை என்பது முக்கியமில்லை. ஒன்றோடு ஒன்றை எப்படிக் கோத்திருக்கிறோம் என்பதுதான் கெட்ட நாளில் கைகொடுக்கும். இதற்கு 'டோபாலஜி' என்று பயமுறுத்தும் பெயர் வைத்திருக்கிறார்கள். 'கோக்கிற விதம்' என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சீரியல் பல்பு

1973-ல் அமெரிக்காவில், ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃப் என்பவர் 'ஈதர்நெட்' என்ற யோசனையை எழுதி வைத்தார். ஒரே ஒரு நீளக் கேபிள். தெருவில் குடிநீர்க் குழாய் ஓடுகிற மாதிரி அது ஓடும். வீட்டுக்கு வீடு இணைப்பு எடுக்கிற மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டரும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒருத்தர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். யாருக்கான சேதியோ அவர் எடுத்துக்கொள்வார். இந்த அமைப்புக்குப் பெயர் 'பஸ்'. நம்ம டவுன் பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நடுவழியில் நின்றால் அத்தனை பேரும் நிற்க வேண்டும் என்பதில் ரெண்டும் ஒன்றுதான்.

தொண்ணூறுகளில் நம் ஊர் ஆபீஸ்களில் ஓடியது இதன் மெல்லிய கேபிள். ஒரு துண்டு அதிகபட்சம் 185 மீட்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் 'டி' எழுத்து மாதிரி ஓர் இணைப்பு. கேபிளின் ரெண்டு முனையிலும் 50 ஓம் மூடி. நடுவில் எங்காவது அறுந்தால், போன சிக்னல் அந்த முனையில் மோதி, கிணற்றில் கத்தின குரல் மாதிரி திரும்பி வரும். வருகிற சிக்னலும் போகிற சிக்னலும் முட்டிக்கொண்டு, ரெண்டு பக்கமும் காலி. கல்யாண வீட்டு சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வாசலே இருண்டு போகிறதே, அந்தக் கதைதான்.

ஓர் ஆபீசில் தினமும் பதினொரு மணிக்கு மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். பதினொன்றே காலுக்குத் தானாக எழுந்துகொள்ளும். ராகு காலமா என்று காலண்டரைப் பார்த்தவர்கூட உண்டு. ஒருநாள் மேஜைக்கடியில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தேன். பதினொரு மணிக்கு டீ வந்தது. அக்கவுன்ட்ஸ் பெரியவர் கிளாஸை வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, 'அப்பாடா' என்று காலை நீட்டினார். நேராக அந்த 'டி' இணைப்பின் மேல்! இருபது பேர் வேலை நின்றது. டீயைக் குடித்துவிட்டுக் காலை எடுத்தார். இருபது பேருக்கும் உயிர் வந்தது.

பெரியவரைத் திட்டக் கூடாது. டீ குடிக்கும்போது மனுஷன் காலை நீட்டத்தான் செய்வான். ஒருத்தர் கால் நீட்டினால் இருபது பேர் நிற்கிற மாதிரி கோத்ததுதான் தப்பு.

ரிமோட்டும் பாட்டியும்

1985 வாக்கில் ஐ.பி.எம். கம்பெனி வேறு வழி காட்டியது. டோக்கன் ரிங். ஒரு டோக்கன் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். வீட்டில் டி.வி. ரிமோட் மாதிரி. என்ன, இங்கே பேசி முடித்ததும் அடுத்தவரிடம் மரியாதையாகக் கொடுத்துவிடுவார்கள்! சண்டையே இல்லாத ஏற்பாடுதான். ஆனால் விலை அதிகம். ஈதர்நெட் மலிவாகிக்கொண்டே போக, வளையம் மெல்ல வழக்கொழிந்தது.

1990-ல் ஈதர்நெட்டே வேஷம் மாறியது. டெலிபோன் வயர் மாதிரி முறுக்கின கம்பி. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் நடுவில் இருக்கிற ஒரு பெட்டிக்குத் தனித்தனியாக ஒன்று. இதற்கு 'ஸ்டார்', அதாவது நட்சத்திர அமைப்பு என்று பெயர். இன்றைக்கு உங்கள் ஆபீசில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு வயர் போனால் ஒருத்தர்தான் நிற்பார். பக்கத்து சீட்டுக்காரர் பாட்டுக்கு வேலை பார்ப்பார்.

ஆனால் நடுப்பெட்டி போனால்? கூட்டுக் குடும்பத்தில் பாட்டி மாதிரிதான். பாட்டி இருக்கிறவரை எல்லாம் அது பாட்டுக்கு நடக்கும். பாட்டி ஒரு வாரம் காசிக்குப் போனால், உப்பு டப்பா எங்கே என்றுகூட ஒருத்தருக்கும் தெரியாது.

குண்டு விழுந்தாலும் பேச வேண்டும்

இந்தப் 'பாட்டி' பிரச்னைக்கு முன்பே விடை யோசித்த ஒருத்தர் உண்டு. அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த பால் பாரன். அணுகுண்டு விழுந்தால் டெலிபோன் நடு நிலையங்கள் அழிந்து, நாடே ஊமையாகிவிடுமே என்பது அவர் கவலை. 1964-ல் வெளியான அறிக்கைகளில் அவர் காட்டியது இதுதான்: நடு என்று ஒன்றே வேண்டாம். மீன் வலை மாதிரி பின்னு. ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று, நான்கு வழி இருந்தாலே போதும். பல முடிச்சுகள் அறுந்தாலும் மிச்ச வலை பேசிக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வழி ரெண்டு இருந்தால் மட்டும் போதாது. ரெண்டும் ஒரே பக்கம் போகக் கூடாது. 2008 ஜனவரி 30-ம் தேதி எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே கடலடியில் ரெண்டு பெரிய கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்தன. இந்தியாவில் இன்டர்நெட் நத்தையானது. இரண்டும் தனித்தனிக் கேபிள்தான். ஆனால் ரெண்டும் ஐரோப்பாவுக்குப் போகிற அதே பாதை. அன்றைக்குக் கொஞ்சமாவது காப்பாற்றியது, சிங்கப்பூர் பக்கமாகக் கிழக்கே சுற்றிப்போகிற வழி. வீட்டுக்கு ரெண்டு சாவி இருக்கலாம். ரெண்டையும் ஒரே வளையத்தில் மாட்டித் தொலைத்தால் என்ன செய்வது?

வதந்தி சுற்றுகிற வலை

'சரி, அப்ப எல்லாரையும் எல்லாரோடும் கட்டிடலாமே' என்கிறீர்களா? அங்கேதான் வில்லங்கம்.

டீக்கடை வதந்தியை நினைத்துப் பாருங்கள். நான் உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் அவரிடம், அவர் மறுபடி என்னிடமே. நான் கிளப்பியது என்று தெரியாமல், 'அட, புதுசா இருக்கே' என்று மறுபடி உங்களிடம்! முடிவே இல்லை. ஈதர்நெட் சேதிக்கு வயது கிடையாது. 'நான் சுற்றினது போதும்' என்று அது சாகாது. அதிலும் 'எல்லோருக்கும்' என்று போகிற சேதியைப் பெட்டிகள் பிரதியெடுத்து எல்லாத் திசையிலும் அனுப்பும். வழியில் ஒரு வட்டம் இருந்தால் சில வினாடிகளில் நெட்வொர்க் மூச்சு முட்டிவிடும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி, 1985. ஒரு வெள்ளிக்கிழமை மேலதிகாரி பிரச்னையைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் லீவில் போனார். அன்று இரவே அம்மையாருக்கு விடை தோன்றிவிட்டது. ரெண்டு நாளில் எழுதியும் முடித்துவிட்டார். அதிகாரி வர இன்னும் நாள் இருந்ததால், மிச்ச வாரத்தில் அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார்! (நம் ஊரிலும் ஆபீஸ் நேரத்தில் கவிதை எழுதுவார்கள். வேலை முடிவதற்கு முன்பே.)

அவர் வழி சுலபமானது. பெட்டிகள் கூடி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். தலைவரிடமிருந்து மரம் மாதிரி கிளை பிரியும். வட்டம் உண்டாக்கும் வழிகளைப் பூட்டி வைக்கும். தலைவர் ரெண்டு வினாடிக்கு ஒருமுறை 'நான் இருக்கேன்' என்று குரல் கொடுப்பார். குரல் வரவில்லையென்றால் எங்கோ கிளை முறிந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே பூட்டியதைத் திறந்து மாற்று வழியில் போக வேண்டியது. ஒரே ஒரு நிபந்தனை: குரல் போய்ச் சேருகிற தூரத்தில்தான் எல்லோரும் இருக்க வேண்டும். ஏழு பெட்டிக்கு மேல் சங்கிலி நீளக் கூடாது என்று கணக்கு.

பாஸ்டன் ஆஸ்பத்திரி

அந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் என்ற பெரிய ஆஸ்பத்திரி. 1996-ல் ரெண்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து உண்டானது. மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் கம்ப்யூட்டரில். நெட்வொர்க் மட்டும், நம் ஊரில் மாடி மேல் மாடி எழுப்புகிற மாதிரி, தேவைக்கு ஒரு பெட்டி, அதன் வாலில் இன்னொரு பெட்டி என்று வளர்ந்துகொண்டே போனது. சங்கிலி ஏழைத் தாண்டியதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2002 நவம்பர் 13. ஓர் ஆராய்ச்சியாளர் ஏராளமான தகவலை நெட்வொர்க்கில் ஓடவிட்டார். பாதை அடைத்துக்கொண்டது. தலைவரின் குரல் கடைசிப் பெட்டிகளுக்குப் போய்ச் சேரவில்லை. 'தலைவர் போயிட்டார்' என்று அவை பூட்டிய வழிகளைத் திறக்க, வட்டம் உண்டாகி, வதந்தி சுற்ற ஆரம்பித்தது. நெட்வொர்க் விழும், எழும், மறுபடி விழும். ஒரு கட்டத்தில் சில மணி நேரம் அவசர சிகிச்சைப் பிரிவையே மூட வேண்டி வந்தது.

நாலு நாள் பேனாவும் காகிதமும்தான். லேப் ரிசல்ட்டை ஆள் வைத்துக் கையில் கொண்டு ஓடினார்கள். இளம் டாக்டர்கள் பலர் கையால் மருந்துச் சீட்டு எழுதிப் பழகாதவர்கள். சீனியர்கள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியில் சிஸ்கோ கம்பெனி நிபுணர்கள் வந்து, சங்கிலியை உடைத்து, நடுவில் இரட்டைப் பெட்டிகளோடு அமைப்பை மாற்றினார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ஜான் ஹலாம்கா இதை மூடி மறைக்கவில்லை. நடந்ததை ஊரறியச் சொன்னார், மற்ற ஆஸ்பத்திரிகளாவது பிழைக்கட்டுமே என்று. சபாஷ் போட வேண்டிய விஷயம்!

கவனியுங்கள்: அங்கே வைரஸ் இல்லை, திருடன் இல்லை, கெட்டுப்போன மெஷின்கூடக் காரணமில்லை. கோத்த விதம், அவ்வளவுதான்.

நீங்கள் கிளினிக் நடத்தலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம், நாலு கம்ப்யூட்டர் வைத்துக் கடை நடத்தலாம். உங்கள் நெட்வொர்க் ஆளைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஒரு பெட்டி போனால் எல்லோரும் நிற்போம்? மாற்று வழி உண்டா. உண்டென்றால் அது அதே குழாயில், அதே கரன்ட் பிளக்கில்தான் போகிறதா? பெட்டியின் வாலில் பெட்டி என்று எத்தனை நீண்டிருக்கிறது?

நல்ல ஆளாக இருந்தால் ஒரு வரைபடம் போட்டுக் காட்டுவார். வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். தயவுசெய்து அதைக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள்.

லிங்க் போன அன்றைக்கு அதை எங்கிருந்து சார் எடுப்பீர்கள்?