கலஹா ஏற்றத்தில் அரை மணி நேரம்

ஓடத் தொடங்கிய ஒரு மாதத்துக்குள் பலர் ஓர் இலக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்: அரை மணியில் 5 கிலோமீற்றர், அதாவது கிலோமீற்றருக்கு 6 நிமிடம். கண்டி வாவியைச் சுற்றி ஓடுகிறவருக்கு அது நியாயமான ஆசைதான். அந்தச் சுற்று மூன்று கிலோமீற்றரைச் சற்றே தாண்டும், பாதையும் மட்டம். ஆனால் அதே ஆள் மலையூரான கலஹாவில் குடியிருந்து, விடியற்காலையில் தெல்தோட்டைப் பக்கமோ தேயிலை மலைக்குள்ளோ ஓடினால், கைபேசி காட்டும் கணக்கைப் பார்த்து இரண்டே வாரத்தில் மனம் விட்டுப்போகும். ஓட்டத்தில் பெரிய குறை இருக்காது. இலக்குத்தான் வாவிக்கரையிலிருந்து வந்தது.

ஏற்றம் உடம்பிடமிருந்து எவ்வளவு கேட்கிறது என்பதை இத்தாலிய உடலியலாளர் அல்பேர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் அளந்து 2002இல் வெளியிட்டார்கள். சாய்வை மாற்றக்கூடிய ஓட்டப்பொறியில் மலையோட்ட வீரர்களை ஓடவிட்டு, அவர்கள் உடம்பு பயன்படுத்திய ஒட்சிசனைக் கணக்கெடுத்தார்கள். அவர்களது சூத்திரத்தின்படி, மட்டமான தரையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவையும் ஒரு மீற்றர் முன்னே கொண்டுபோக ஏறத்தாழ 3.6 யூல் சக்தி வேண்டும். நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் ஏற்றத்தில் அது 6 யூலைத் தொடுகிறது. வாவிக்கரையில் கிலோமீற்றருக்கு 6 நிமிடம் எடுப்பவர் அதே உழைப்போடு இந்த ஏற்றத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 10 நிமிடம் எடுப்பார். அவர் சோம்பவில்லை, அவருடைய இதயம் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஏறியதை இறக்கத்தில் பிடித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். பஸ் போகும் பாதையின் மிதமான சாய்வில் பெரும்பாலும் பிடித்துவிடலாம். நூற்றுக்கு ஐந்து சாய்வில் ஏறி இறங்கினால், மட்டத்தில் ஓடுவதைவிட மொத்தச் செலவு மூன்று சதவீதம் அளவே கூடுகிறது. நூற்றுக்குப் பத்தில் 13 சதவீதம். கொழுந்து எடுக்கிறவர்கள் ஏறும் குறுக்குப் பாதைகளைப் போல நூற்றுக்கு இருபது சாய்ந்தால், ஏறி இறங்கிய பிறகு செலவு ஒன்றரை மடங்கு. சாய்வு இரட்டிப்பாகும்போது தண்டனை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கலஹாவில் ஓடுகிறவர் கிலோமீற்றரை எண்ணுவதற்கு முன்னால் எந்தப் பாதை என்று கேட்டுக்கொள்ள வேண்டியது இதனால்தான். (குறுக்குப் பாதைகளில் மழைக்காலத்து அட்டைகளின் செலவை எந்த ஆய்வுகூடமும் இன்னும் அளக்கவில்லை.)

இறக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அதை யூல் கணக்கு காட்டாது. கீழே பாயும் உடம்பை ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துகிறது. இப்படி நீளும் வேளையில் இழுபடும் தசையில்தான் நுண்ணிய சேதம் அதிகம். வலி உடனே தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் படியிறங்கும்போது முகம் சுளிக்க வைக்கும். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு தடவை அளவோடு இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை மிகக் குறைந்த சேதத்தோடு தாங்கும். ஆகவே முதல் வாரங்களில் இழந்த நேரத்தை இறக்கத்தில் மீட்கப் பார்ப்பது வீண் வேலை.

சாய்வு எவ்வளவு பெரிய விடயம் என்பது போட்டி விதிகளை எழுதியவர்களுக்கும் தெரியும். 2011இல் பொஸ்டன் மரதனை கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 செக்கனில் முடித்தார். அதுவரை மனிதர் ஓடிய மரதன்களிலேயே அதுதான் வேகமானது. ஆனாலும் உலக சாதனையாக ஏற்கவில்லை. தொடக்கமும் முடிவும் வெகுதூரம் விலகியிருந்தன. பாதையும் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற வரம்பை மீறி இறங்கியது. 2019 ஒக்டோபரில் எலியுட் கிப்சோகே இரண்டு மணிக்குள் மரதன் தூரத்தை ஓடிக் காட்ட வியன்னாவின் மட்டமான பூங்காச் சாலையைத் தேர்ந்தார்கள். உலகின் முதல்தர ஓட்டக்காரருக்கே பாதையைப் பார்த்துத்தான் இலக்கு வைக்கிறார்கள். கலஹாவின் புதியவர் மட்டும் ஏன் பாதையை மறந்த ஓர் எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டும்?

மலையில் தூரத்தைவிட நேரத்தை இலக்காக்குவது பொருந்தும். இன்று 25 நிமிடம் ஓடுவேன், ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அந்த இலக்கு எந்தச் சாய்விலும் செல்லும். முன்னேற்றம் தெரிய வேண்டுமென்றால், மாதம் ஒருமுறை அதே பாதையில் அதே திசையில் ஓடிப் பார்த்தால் போதும்.

இலக்கை மாற்றும் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடத் தொடங்கிய ஓரிரு வாரங்களில் குருதியின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒரு துடிப்புக்கு அதிகக் குருதியைத் தள்ளுகிறது. மூச்சுத் திணறல் குறைகிறது. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு சுற்றுக்கோ மூன்று நான்கு மாதம் வேண்டும், தசைநாண்களும் மெதுவானவை. எனவே ஆபத்து அதிகம் "இப்போது லேசாக இருக்கிறதே" என்று தோன்றும் நாட்களில். வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் கூட்டினால் காயம் வராது என்ற பழைய நம்பிக்கையை நெதர்லாந்தின் குரோனிங்கனில் 532 புதியவர்களை வைத்துச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பத்து சதவீத விதிப்படி 13 வாரம் பயிற்சி செய்த குழுவிலும், வழக்கமான 8 வாரக் குழுவிலும் ஐந்தில் ஒருவர் காயப்பட்டார். முழங்காலோ கணுக்காலோ நோகும்போது விதியைக் காட்டி ஓடுவதில் பொருளில்லை.

அடுத்தது நீண்ட தூர ஆசை. 5 கிலோமீற்றரை அரை மணியில் ஓடுகிறவர் மரதனின் 42.195 கிலோமீற்றரையும் அதே வேகத்தில் ஓடினால் 4 மணி 13 நிமிடம் வரும். அமெரிக்கப் பொறியியலாளர் பீற் ரீகல் 1977இல் தந்த சூத்திரம் தூரம் கூடக் கூட வேகம் தேய்வதையும் சேர்த்து 4 மணி 48 நிமிடம் என்கிறது. அதுவும் அந்தத் தூரத்துக்கு முறையாகப் பயின்றவருக்கு, மட்டமான பாதையில். இதற்கிடையில் நான்கு மணி என்ற முழு எண் எல்லாரையும் இழுக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ 98 லட்சம் மரதன் முடிவுகளை அலசியபோது, மூன்றரை மணி, நான்கு மணி போன்ற எல்லைகளுக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் குவிந்திருந்தார்கள். முழு எண் கடைசிக் கிலோமீற்றரில் உந்தும், உண்மைதான். ஆறு மாதப் பயிற்சியை அதன் கையில் கொடுப்பது வேறு விடயம்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளில் நடக்கும் மரதன் சில கிலோமீற்றர் ஊர்ப்பாதைதான். அதற்குப் பயிலும் கலஹாக்காரர் அந்தப் பாதையையே முன்கூட்டி ஓடிப் பார்த்து இலக்கு வைக்கலாம். செங்குத்தான இடம் வந்தால் நடக்கவும் வெட்கப்பட வேண்டாம். கடும் ஏற்றத்தில் ஒரே வேகத்தில் போகையில் ஓடுவதைவிட நடப்பதற்குச் சக்தி குறைவாகவே செலவாகிறது; மலையோட்டப் போட்டிகளில் முன்னணியில் போகிறவர்களும் அங்கே கையைத் தொடையில் ஊன்றி நடக்கிறார்கள்.