விறைப்பு மருந்தும் தொடர்வலிப்பும்

பல்லைப் பிடுங்குமுன் வைத்தியர் முரசில் ஏற்றும் விறைப்பு மருந்தை அறியாதார் சிலரே. லிக்னோகேயின் என வழங்கும் அம்மருந்து, நில்லாது தொடரும் வலிப்பை நிறுத்தவும் உதவும் என்பதைப் பலர் அறியார். அஃது எவ்வாறென ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

இம்மருந்தைச் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் நில்ஸ் லொவ்கிறென் 1943ஆம் ஆண்டில் ஆக்கினார். அவருடன் உழைத்த பெங்ற் லுண்ட்குவிஸ்ற் அதனைத் தம் உடலிலேயே ஏற்றிச் சோதித்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. 1955இல் அந்நாட்டு அறிஞர் கார்ல் குஸ்தாவ் பேர்ண்ஹார்ட்டும் துணைவரும், அதனை நாளத்தில் ஏற்றித் தொடர்வலிப்பைத் தணித்தமையை வெளியிட்டனர்.

நரம்புக் கலத்தின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் வழியே சோடியம் அயன்கள் உட்புகும்போது மின்துடிப்பு எழுகின்றது. அவ்வாயில்களை லிக்னோகேயின் அடைக்கின்றது. முரசில் அவை அடைபட, நோவு பற்றிய செய்தி மூளையை எட்டுவதில்லை. வலிப்பின்போதோ மூளைக் கலங்கள் பல கட்டின்றி ஒருங்கே துடிக்கின்றன. குருதிவழி மூளையை அடையும் சிறிதளவு மருந்து அத்துடிப்பை அடக்குகின்றது.

ஆயின், அளவு மிகுந்தால் அதே மருந்து வலிப்பை உண்டாக்கும். இதயத் துடிப்பையும் குழப்பும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும். ஆகவே இது முதன்மருந்தன்று. லொறாசெபாம், மிடசோலாம் முதலியவற்றையே வைத்தியர் முதலில் வழங்குவர். பெனிற்றோயின் போன்றவை அடுத்து வரும். அவை பயன்படாதவிடத்து, சிறப்பாகப் பச்சிளங் குழந்தைகளுக்கு, சில நாடுகளில் லிக்னோகேயினை இதயத்தைக் கருவியாற் கண்காணித்தவாறே ஏற்றுகின்றனர். பெனிற்றோயின் பெற்றவர்க்கு இதனைத் தவிர்ப்பர். இரண்டும் இதயத்தைத் தாக்கவல்லன.

எம்மருந்தாயினும் காலந்தாழ்த்தின் பயன் குன்றும். பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமே அடங்கும். 5 நிமிடங்களைக் கடந்தும் நில்லாதது தொடர்வலிப்பாகும்; 30 நிமிடங்களைக் கடப்பின் மூளைக்கு நிலையான ஊறு நேரலாம். எனவே, வகுப்பறையிலோ விளையாட்டிடத்திலோ ஒரு மாணவன் வலிப்புற்று வீழ்ந்தால், கையில் இரும்பைக் கொடுத்தலும், வாயில் எதையேனும் திணித்தலும், இறுகப் பிடித்து அமுக்குதலும் தகா. தலைக்கடியில் மெல்லிய துணியொன்றை வைத்து, ஒருக்களித்துக் கிடத்தி, மணிக்கூட்டைப் பார்த்தல் வேண்டும். 5 நிமிடங்களில் அடங்காவிடின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. மருந்தின் அளவை அறிதல் வைத்தியர் கடன். நேரத்தை அறிதல் உடனிருப்பார் கடன்.