கைக்கு அடக்கமான கணினி

மடிக்கணினி என்றால் விலை குறைந்தது கனமாயிருக்கும், இலேசானது விலை உயர்ந்திருக்கும் என்பதே வெகுகாலம் வரை விதியாக இருந்தது. தூக்கிச் செல்லச் சௌகரியமான மெல்லிய யந்திரங்கள் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் ஓயாமல் விமானப் பிரயாணம் செய்கிறவர்களுக்கும் உரியவையாகக் கருதப்பட, மாணவனும் எழுத்தாளனும் சிறு வியாபாரியும் மூன்று கிலோச் சுமையை மேஜையை விட்டு அசைக்காமலே காலம் தள்ளினார்கள். இந்த விதியை உடைத்த பெருமை, 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தைவானின் தைப்பே நகரக் கண்காட்சியில் ஆசுஸ் கம்பெனியார் அறிமுகம் செய்த ‘ஈ பிசி’ என்ற சிறு கணினியையே பெரிதும் சேரும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து நிக்கலஸ் நெக்ரோபான்டி, ஏழைக் குழந்தைகளுக்காக நூறு டாலரில் ஒரு கணினி செய்யப்போவதாக 2005-இல் அறிவித்து, மலிவுக் கணினி என்ற ஆசையை உலகெங்கும் விதைத்திருந்தார். அவருடைய கணினி அந்த விலைக்குக் கிடைக்கவே இல்லையென்றாலும், குறைந்த விலைக் கணினி சாத்தியமே என்ற நம்பிக்கை பலருக்கும் பிறந்துவிட்டது.

ஈ பிசியின் அங்கலட்சணங்களை இன்று கேட்பவர்களுக்கு ஆச்சரியமாகவே இருக்கும். திரை ஏழு அங்குலம். ரேம் 512 எம்.பி.; சேமிப்பிடம் நான்கு ஜி.பி.; எடையோ ஒரு கிலோவுக்கும் குறைவு. அமெரிக்காவில் 400 டாலருக்குள் அது விற்றது. திரையின் அகலம் 800 புள்ளிகளே ஆகையால், அதைவிட அகலமாக அமைக்கப்பட்ட வலைப்பக்கங்கள் வலப்புறம் வெட்டுண்டு நிற்க, ஒரு வரியைப் படித்து முடிக்கப் பக்கத்தை இப்படியும் அப்படியும் நகர்த்த வேண்டியிருந்தது. விசைகள் நெருங்கியிருந்தபடியால் பெரிய கைகளை உடையவர்களின் விரல்கள் ஒன்றோடொன்று மோதின. ஆயினும் அதை வாங்கியவர்கள் ரயிலிலும் நூல்நிலையத்திலும் கல்லூரி வகுப்பிலும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். எந்தக் கணினி போகுமிடமெல்லாம் கூடவே வருகிறதோ அதுவே மிகுதியாக உபயோகமாகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த ஆண்டே இன்டெல் கம்பெனி ஆட்டம் என்ற சிக்கனமான சில்லை வெளியிட, ஏசர், டெல், எச்பி முதலிய கம்பெனிகளெல்லாம் ‘நெட்புக்’ என்ற பெயரில் இத்தகைய கணினிகளைச் செய்து குவித்தன. 2010-இல் ஐபேட் வந்தபின் அந்த ஜாதி மெல்ல மறைந்தது. ஆனால் வம்சம் அறுந்துவிடவில்லை. இன்று கடைகளில் பதினொன்று முதல் பதினான்கு அங்குலம் வரை திரையுடன், ஒன்றரைக் கிலோவுக்குள் கிடைக்கும் மலிவு மடிக்கணினிகள் அதன் வாரிசுகளே.

இவற்றில் விலை குறைந்திருப்பதற்கு ஒவ்வோர் உறுப்பிலும் காரணம் உண்டு. திரையை நேர் எதிரே அமர்ந்து பார்த்தால் எழுத்துக்கள் தெளிவாகவே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவதற்காகச் சற்றே சாய்த்தாலோ நிறங்கள் வெளுத்து, முகங்கள் சாம்பல் பூத்துப்போகும். இதைச் சகித்துக்கொள்ளலாம். பல கணினிகளில் காற்றாடியே கிடையாது. அதனால் நள்ளிரவில் எழுதுகிறவர்களுக்குப் பரிபூரணமான நிசப்தம் வாய்க்கிறது. வெப்பம் மிகுந்தால் யந்திரம் தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சகிக்க முடியாத சிக்கனம் ரேமில் செய்யப்படுவதுதான். விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சம் நான்கு ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த நிபந்தனை. அது இயங்குவதற்குப் போதுமேயன்றி நிம்மதியாக வேலை செய்யப் போதாது. பிரவுசரில் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்துவைத்து, கூடவே ஒரு காணொலி வகுப்பும் நடந்தால், ரேம் நிரம்பிவிடுகிறது. இடமில்லாதபோது கணினி ரேமில் உள்ளதில் ஒரு பகுதியைச் சேமிப்பிடத்துக்கு மாற்றி எழுதி, வேண்டும்போது திரும்பக் கொண்டுவருகிறது. மலிவுக் கணினிகள் பலவற்றில் அந்தச் சேமிப்பிடம் விலை குறைந்த கைபேசிகளில் உள்ள இஎம்எம்சி வகையாக இருப்பதால், போக்குவரத்து மந்தமாகிறது. நாம் ஒரு சொல்லைத் தட்டி முடித்த பிறகுதான் அதன் முதல் எழுத்து திரையில் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பின்னால் காசு சேர்ந்தாலும் கூட்டிக்கொள்ள வழியில்லை. ஆதலால் திரையிலும் உறையிலும் எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும், எட்டு ஜி.பி. ரேமை மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். இஎம்எம்சிக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பிடம் உள்ளது கிடைத்தால் இன்னும் விசேஷம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிறு யந்திரங்கள் மிகவும் அனுகூலமானவை. முந்நூறு பக்க நாவல் ஒன்றின் எழுத்துக்கள் முழுவதும் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும். அதற்கு அதிவேகச் சில்லு எதற்கு? 1999-இல் சென்னையில் நடந்த ஒரு மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும், அடிக்கடி வரும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், இரண்டு கைகளும் மாறிமாறி இயங்கி, எழுத்து தடையின்றி ஓடுகிறது. வாங்குமுன் கடையிலேயே நின்று இரண்டு பத்தி தட்டிப் பார்க்க வேண்டும்; விசை அழுந்தும் ஆழம் போதாவிட்டால் பக்கம் பக்கமாய் எழுதுகிறவருக்கு விரல்நுனி வலிக்கும்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, எத்தனையோ இல்லங்களில் நுழைந்த முதற்கணினி அதுவே. அவற்றில் பல இன்று பரண்மேல் கிடக்கின்றன. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபரோடு பொதுவாக முடிந்துவிட்டதால், இன்னும் பல பழைய கணினிகளும் அங்கே போகக்கூடும். அப்படி ஒதுக்குமுன், லுபுண்டு போன்ற இலேசான லினக்ஸ் ஒன்றைப் பென்டிரைவில் இறக்கி, கணினியில் பதியாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, தமிழ்த் தட்டச்சு மூன்றும் சரியாக இருந்தால், கோப்புகளை நகலெடுத்து வைத்துக்கொண்டு பதிந்துவிடலாம். பேட்டரி தளர்ந்திருந்தாலும், சார்ஜரை மாட்டியபடி ஒரு பள்ளிப்பிள்ளை கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் அது போதும்.