ஈத்துக் கணக்கு

சேலம், நாமக்கல் சமவெளியின் சந்தைகளில் கறவை வாங்க வருபவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கணித்த பிறகு கேட்பது, அது எத்தனையாவது ஈத்து என்பதையே. ஈத்து என்பது ஒருமுறை கன்றோ குட்டியோ ஈனுவதைக் குறிக்கும். அந்த எண்ணைச் சார்ந்தே விலை ஏறி இறங்கும்.

இந்தக் கணக்கு வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுவதைக் காட்டும் நாவல், திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்டு பெருமாள்முருகன் எழுதிய ‘மாதொருபாகன்’ (2010). சினை பிடிக்காத மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பேசாமல் வேறு மாட்டை மாற்றிவிட வேண்டியதுதானே என்று நாவலின் நாயகன் காளிக்கு யோசனை சொல்லப்படும்போது, பேச்சு மாட்டைப் பற்றியதாக இருந்தாலும் குறி என்னவோ பிள்ளையில்லாத அவன் மனைவி பொன்னாவின் மேல்தான். மலடு என்ற ஒரே சொல் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் பொதுவாக இருப்பதால், பேசுபவருக்கு உவமை தேட வேண்டிய சிரமம்கூட இல்லை.

அந்நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்த பெருமாள்முருகன், 2016 ஜூலை 5 அன்று அவருக்குச் சாதகமாக வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எழுதி, அவ்வாண்டின் இறுதியில் வெளியிட்ட நாவல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. பொன்னாவின் துயரம் பெறாமை என்றால், பூனாச்சியின் துயரம் பெறுவது. ஓர் ஈத்துக்கு ஏழு குட்டி ஈனும் இனத்தைச் சேர்ந்த அந்தக் கறுப்பு வெள்ளாட்டுக்குக் காது குத்தி அரசு கணக்கு வைக்கிறது. அது விரும்பியது பூவன் என்ற கிடாவை, ஆனால் முதலில் சேர்க்கப்படுவதோ கிழட்டுக் கிடாவுடன். ஈன்ற குட்டிகளோ விலைக்குப் போகின்றன. இத்தனைக்கும் அதை வளர்க்கும் கிழவி கொடியவள் அல்ல, உயிருக்குயிராகப் பேணுபவள். பாசமும் பயன்கொள்ளலும் ஒரே கையால் நடப்பதை எழுதிக் காட்டியதே இந்நாவலின் ஆகப் பெரிய பலம்.

அமெரிக்கப் பெண்ணியரான கரோல் ஜே. ஆடம்ஸ் 1990இல் வெளியிட்ட நூலில் ‘மறைந்த சுட்டுப்பொருள்’ என்னும் கருத்தை முன்வைத்தார். கறி என்று சொன்னவுடன் ஆடு மனத்திலிருந்து மறைந்துவிடுகிறது; அதைப் போலவே, வதைபட்ட பெண்ணை வெட்டுப்பட்ட விலங்காக வருணிக்கும்போது, விலங்கு வெறும் உவமையாகிக் காணாமல் போகிறது என்பது அதன் சாரம். பூனாச்சியைப் பெண்ணின் உருவகமாகவோ குடிமக்களின் உருவகமாகவோ மட்டும் படிக்கும் விமர்சனங்கள் இந்தத் தவற்றையே செய்கின்றன, ஏனெனில் அவ்வாசிப்பில் கிழட்டுக் கிடாவின் முன் நிறுத்தப்பட்ட ஆட்டின் வலி ஆட்டினுடையதாக இருப்பதில்லை. இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, பொன்னாவையும் பூனாச்சியையும் இணைப்பது உவமை அல்ல, இருவரையும் அளந்த ஒரே ஈத்துக் கணக்கு என்பது விளங்கும். பூனாச்சி கடைசியில் கல்லாகிறது. கல்லுக்கு ஈத்து கிடையாது.