நீக்கிய பிறகும் நிற்காத கட்டளை

பழைய கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிப் புதியதை மாட்டியாயிற்று. பழையதன் மென்பொருளையும் கன்ட்ரோல் பேனலுக்குப் போய் முறையாக நீக்கியாயிற்று. அடுத்த முறை கணினியை ஆன் செய்ததும் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி தோன்றுகிறது. இன்ன டிஎல்எல் கோப்பைத் தொடங்குவதில் சிக்கல், குறிப்பிட்ட மாட்யூலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. ஓகே கொடுத்தால் மறைந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அதே பெட்டி, அதே வாசகம்.

கணினியில் ஏதோ பெரிதாகக் கெட்டுவிட்டது என்ற பயம் இங்கேதான் பிடிக்கிறது. விண்டோஸையே புதிதாக ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். உண்மையில் அங்கே எதுவும் கெட்டிருக்காது. எப்போதோ எழுதி வைக்கப்பட்ட ஒரு கட்டளையைக் கணினி எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றப் பார்க்கிறது, அவ்வளவுதான். கட்டளை அப்படியே இருக்கிறது, அது தேடும் கோப்பு போய்விட்டது. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போன பிறகும் பால்காரர் தினமும் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டுவது போலத்தான் இது. அவரிடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அந்தக் கட்டளை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? 1992இல் வந்த விண்டோஸ் 3.1 காலத்தில் அது வின்.ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தது. 'லோட்', 'ரன்' என்று இரண்டு வரிகள். நோட்பேடில் திறந்து வேண்டாத பெயரை அழித்தால் வேலை முடிந்தது. விண்டோஸ் 95 முதல் இத்தகைய குறிப்புகள் பெரும்பாலும் ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய தரவுக்களஞ்சியத்துக்குக் குடிபெயர்ந்தன. அதற்குள்ளும் 'ரன்' என்ற பெயரிலேயே ஓர் இடம் உண்டு. கணினி முழுமைக்கும் ஒன்று, ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒன்று. நாம் உள்நுழையும்போதெல்லாம் விண்டோஸ் அங்கே உள்ள பதிவுகளைப் படித்து ஒவ்வொன்றாகத் தொடங்குகிறது. பக்கத்திலேயே 'ரன்ஒன்ஸ்' என்று இன்னோர் இடம். அங்கே எழுதப்பட்ட பதிவை விண்டோஸ் முதலில் அழித்துவிட்டுத்தான் இயக்கும், ஆகவே அது ஒரு முறையோடு தீர்ந்துவிடும். 'ரன்' பதிவுக்கு அப்படி ஆயுள் வரையறை எதுவும் கிடையாது.

ஒரு பதிவைக் கிட்டத்தில் பார்த்தால் விஷயம் விளங்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் என்விடியா கார்டு பொருத்திய கணினிகளில் இப்படி ஒரு வரி இருக்கும்: முதலில் ரன்டிஎல்எல்32, அடுத்து என்விசிபிஎல் என்ற டிஎல்எல் கோப்பின் முழு முகவரி, அதன்பின் ஒரு காற்புள்ளி, கடைசியில் என்விஸ்டார்ட்அப் என்ற சொல். டிஎல்எல் என்பது பல நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்துண்டுகளின் தொகுப்பு, அது தானாக ஓடாது. அதைத் திறந்து, காற்புள்ளிக்குப் பின்னால் பெயர் சொல்லப்பட்ட பகுதியை மட்டும் இயக்குவதற்கென்றே விண்டோஸ் வைத்திருக்கும் குட்டி நிரல்தான் ரன்டிஎல்எல்32.

தவறு செய்தவராகப் பலர் சந்தேகிக்கும் இந்த ரன்டிஎல்எல்32தான் நமக்கு உண்மையைச் சொல்கிறது. சாதாரண நிரல் ஒன்றின் கோப்பு தொலைந்து போனால், அதன் 'ரன்' பதிவைத் தொடங்க முடியாத விண்டோஸ் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். டிஎல்எல் பதிவில் நிலைமை வேறு. ரன்டிஎல்எல்32 பத்திரமாக இருப்பதால் அது தொடங்கிவிடுகிறது. தொடங்கிய பிறகு, தனக்குச் சொல்லப்பட்ட டிஎல்எல்லைத் தேடி, காணாமல், நம்மிடம் வந்து முறையிடுகிறது. ஆகவே ரன்டிஎல்எல்32ஐ வைரஸ் என்று எண்ணி அழித்துவிடக் கூடாது, அது விண்டோஸின் உறுப்பு.

நீக்கும்போதே இந்த வரியும் போயிருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. நாம் 'அன்இன்ஸ்டால்' கொடுக்கும்போது பல நேரங்களில் விண்டோஸ் எதையும் நீக்குவதில்லை. மென்பொருளைத் தயாரித்தவர்கள் வைத்துவிட்டுப் போன நீக்கும் நிரலை அழைப்பதோடு அதன் வேலை முடிகிறது. எதையெல்லாம் அழிப்பது என்பது அந்த நிரலை எழுதியவர் நினைவில் வைத்திருந்ததைப் பொறுத்தது. நிறுவிய பிறகு மென்பொருள் தானே சேர்த்துக்கொண்ட பதிவுகள் அவர் பட்டியலில் இல்லாமல் போகலாம். ஒரே கணினியை வீட்டில் மூன்று பேர் தனித்தனிக் கணக்கில் பயன்படுத்தினால், ஒருவர் கணக்கிலிருந்து நீக்கும்போது மற்ற இருவருக்குரிய பதிவுகளை அந்த நிரல் பெரும்பாலும் தொடுவதே இல்லை. பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேம் மென்பொருள்களில் இந்த மிச்சம் சகஜம்.

மிச்சத்தைத் துடைப்பது கடினமல்ல. விண்டோஸ் 8 முதல் டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் பட்டியல் இருக்கிறது. அதில் பழைய மென்பொருளின் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். ரன்டிஎல்எல்32 வழியாக ஓடும் பதிவு அங்கே 'விண்டோஸ் ஹோஸ்ட் பிராசஸ்' என்ற பெயரில், மைக்ரோசாஃப்ட் தயாரிப்பு என்ற அடையாளத்தோடு நிற்கும். பார்த்தவர் கைவைக்கப் பயப்படுவார். பட்டியலின் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' நெடுவரிசையைச் சேர்த்தால், எந்த டிஎல்எல்லை அது தேடுகிறது என்பது தெரிந்துவிடும். பிழைச்செய்தியில் வந்த அதே பெயர் என்றால் அதை டிஸேபிள் செய்தால் போதும். அங்கே இல்லையென்றால் டாஸ்க் ஷெட்யூலரில் பார்க்க வேண்டும். நேரம் குறித்து இயங்கும் வேலைகளும் உள்நுழையும்போது இயங்கும் வேலைகளும் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

இரண்டிலும் அகப்படவில்லையா? ஆட்டோரன்ஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸின் படைப்பு அது. 2006இல் அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இப்போது நிரலை மைக்ரோசாஃப்டின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸில் தானாகத் தொடங்கும் பதிவுகள் இத்தனை இடங்களில் இருக்கின்றனவா என்று அதைத் திறந்து பார்ப்பவர் மலைத்துப் போவார். கோப்பு இல்லாத பதிவுகளை அது மஞ்சள் நிறத்தில் காட்டும். அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள், தவறாக எடுத்திருந்தால் திரும்ப டிக் போட்டுவிடலாம்.

இந்த மிச்சங்கள் எல்லாமே வெறும் தொந்தரவோடு நின்றுவிடுவதில்லை. சிடி எழுதும் மென்பொருளை நீக்கியதும் சிடி டிரைவே கணினியிலிருந்து காணாமல் போன கதை எக்ஸ்பி காலத்தில் பலருக்கும் தெரியும். அத்தகைய மென்பொருள் டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் தன் வடிகட்டி டிரைவரைச் செருகி, அதன் பெயரை 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற ரெஜிஸ்ட்ரி பதிவுகளில் எழுதி வைக்கும். கோப்பு போய்ப் பெயர் மட்டும் நின்றால் விண்டோஸ் அந்த டிரைவை இயக்க மறுத்துவிடும். சிடி டிரைவுக்குரிய பகுதியில் அந்தப் பதிவுகளை நீக்கினால் டிரைவ் உயிர்பெற்றுவிடும். அதே பெயருள்ள பதிவு விசைப்பலகைக்கும் உண்டு, அதைத் தவறி நீக்கினால் விசைப்பலகை வேலை செய்யாது. ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து பிரதி எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

காணாமல் போன டிஎல்எல்லை முன்பின் தெரியாத தளங்களிலிருந்து இறக்கிப் போடுவது இருப்பதிலேயே மோசமான வழி. தேவையில்லாத கோப்பைத் திரும்பக் கொண்டுவருவதோடு, அதற்குள் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. ஒவ்வொரு உள்நுழைவிலும் அதை இயக்க ஒரு கட்டளை ஏற்கெனவே தயாராக நிற்கிறது. பெட்டி தோன்றினால் ஓகே கொடுக்கும் முன் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரும் அது இருந்த ஃபோல்டரும் அந்தப் படத்தில் இருக்கும். நீங்களே சரிசெய்தாலும் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனாலும் தேவைப்படுவது அதுதான். அதைப் பார்க்காமலே விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தப் பதிவை நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.