உங்களுக்குத் தெரியுமா? மெமரி கார்டின் பொய்யைப் பிடிக்கும் குட்டிக் கணினி

உறையில் 128 ஜிபி. உள்ளே 8 ஜிபிதான். போலி மெமரி கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லு, கணினியிடமும் 128 என்றே சொல்லும். உண்மையான இடம் நிரம்பியபின் நீங்கள் போடும் கல்யாணப் படங்கள் பட்டியலில் பெயராக மட்டும் நிற்கும், திறக்காது. கொடுமையான மோசடி இது.

2012இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியே இதைக் கண்டுபிடிக்கப் போதும். கார்டை யுஎஸ்பி ரீடரில் செருகி, எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். 1 ஜிபி கோப்புகளாகக் கார்டு நிரம்பும்வரை எழுதும். பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் பொருந்துகிறதா என்று பார்க்கும். கெட்டவை, மேலெழுதப்பட்டவை தனித்தனியே கணக்காக வரும். மணிக்கணக்கில் ஆகலாம், மின்சாரம் குறைவாகவே செலவாகும் என்பதால் இரவு முழுக்க ஓடட்டும். வாங்கிய அன்றே, படம் எதுவும் ஏற்றுமுன் சோதித்துவிடுங்கள்.